நாள் வந்தது, போனது... பரிசோதனை எப்போது?

விழிப்புணர்வு தினங்களும் மாதங்களும் ஆண்டு முழுக்க வரிசை கட்டி வருகின்றன. அவற்றை நம் வீட்டு நாள்காட்டிக்குள் கொண்டுவருவது எப்படி?

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவர்களுக்குத் தலைப்புப் பஞ்சம் வருவதில்லை. பிப்ரவரி 4 என்றால் உலகப் புற்றுநோய் தினம். மார்ச் 24 காசநோய் தினம். ஏப்ரல் 7 உலகச் சுகாதார தினம். மே 17 உயர் இரத்த அழுத்த தினம். மே 31 புகையிலை ஒழிப்பு தினம். ஜூன் 14 இரத்த தானத்துக்கு, ஜூலை 28 கல்லீரல் அழற்சிக்கு, செப்டம்பர் 29 இதயத்துக்கு, அக்டோபர் 10 மனநலத்துக்கு, நவம்பர் 14 நீரிழிவுக்கு, டிசம்பர் 1 எய்ட்ஸுக்கு. இவை போதாதென்று அக்டோபர் முழுவதும் மார்பகப் புற்றுநோய் மாதம். நவம்பர் முழுவதும் ஆண்கள் நல மாதம்.

நேயர்களும் ஆர்வமாக அழைப்பார்கள். நீரிழிவு தினத்தன்று தொலைபேசி ஓயாது. இரவில் வெந்தயம் ஊறவைத்துக் காலையில் குடிப்பவர், பாகற்காய்ச் சாற்றின் பெருமையைச் சொல்பவர், நாவல் கொட்டைப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விவரம் தருபவர் என எல்லாரிடமும் ஒரு தகவல் இருக்கும். "சரிங்க, உங்க இரத்தத்துல சர்க்கரை அளவை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டால்தான் குரல் இறங்கும்.

"அது வந்து... போன வருஷம் கோயில்ல முகாம் போட்டாங்க, அப்பப் பார்த்தது."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நோயைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். நம் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரியும்? இத்தனை விழிப்புணர்வு தினங்கள் இருந்தும் நம் குடும்பங்களில் விடுபட்டுப் போவது இந்தக் கேள்விதான்.

பாதிப் பேருக்குத் தெரியவில்லை

சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவுகளை எடுத்துக்கொள்வோம். 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அந்த 18.3இல் 9.4 விழுக்காட்டினர் மட்டுமே தங்களுக்கு நோய் இருப்பதை முன்பே அறிந்தவர்கள். மீதி 8.9 விழுக்காட்டினரின் நிலை, ஆய்வுக்காக இரத்தம் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. அதாவது, நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒன்றும் தெரியாமலேயே நடமாடிக் கொண்டிருந்தார்கள்.

இனவாரியாகப் பார்த்தால் மிக அதிக எண்ணிக்கை நம்முடையது. அதே ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்றால், அதில் மூன்று பேர்.

2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியிருந்தது. அது நல்ல செய்திதான். ஆனாலும் நீரிழிவு உள்ள ஐவரில் இருவருக்கு அப்போதும் தங்கள் நிலை தெரிந்திருக்கவில்லை.

'இனிப்பு நீர்' என்று நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே பெயர் வைத்துப் பேசி வந்த நோய் இது. இதைக் கேள்விப்படாத தமிழர் ஒருவரும் இந்த நாட்டில் இருக்க முடியாது. அப்படியிருந்தும் இவ்வளவு பேர் அறியாமல் இருப்பதற்குக் காரணம், தொடக்கத்தில் நீரிழிவு வலிப்பதில்லை. இரத்த அழுத்தமும் வலிப்பதில்லை. கொழுப்பும் வலிப்பதில்லை. வலி வந்தபின் கிளினிக்குக்குப் போவதுதான் நம் பழக்கம். இந்த மூன்றும் வலியைக் காட்டும்போது, பாதிப்பு பெரும்பாலும் கண்ணுக்கோ காலுக்கோ இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணமாக இருக்கிறது.

தேதிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்தத் தினங்களில் சிலவற்றை ஐக்கிய நாடுகள் சபையும் உலகச் சுகாதார நிறுவனமும் அறிவித்தன. சிலவற்றை மருத்துவர்களும் நோயாளிகளின் அமைப்புகளும் தொடங்கின. தேதிகளைப் பார்த்தால் ஏதோ நினைத்தபடி போட்டதுபோல் தோன்றும். பலவற்றுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்துவிட்டதாக அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 காசநோய் தினம். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் ஜூன் 14. அது இரத்த தானம் செய்பவர்களின் தினமானது. கல்லீரல் அழற்சி பி கிருமியைக் கண்டறிந்து, அதற்குத் தடுப்பூசி உருவாகவும் வழி செய்த பாரூக் புளூம்பெர்க் பிறந்தது ஜூலை 28.

நவம்பர் 14 இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங்கின் பிறந்த நாள். 1921இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பாண்டிங்கும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் பெஸ்டும் அந்த ஆய்வைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு மரணம் ஏறக்குறைய உறுதி. கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1991இல் அனைத்துலக நீரிழிவு சம்மேளனமும் உலகச் சுகாதார நிறுவனமும் பாண்டிங்கின் பிறந்த நாளை உலக நீரிழிவு தினமாக்கின.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று உண்டு. 'இனி இதைக் கண்டுபிடிக்கலாம், தடுக்கலாம், சமாளிக்கலாம்' என்ற நிலை பிறந்ததைக் குறிக்கும் தேதிகள் இவை. நோயை நினைத்துப் பயப்படுவதற்காக யாரும் இவற்றை ஏற்படுத்தவில்லை. பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கின்றன, வந்து பயன்படுத்திக் கொள்ளுங்கள் என்று அழைப்பதற்காகவே ஏற்படுத்தினார்கள்.

ரிப்பன் சொன்ன பாடம்

அழைப்பு காணாமல் போய் அலங்காரம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபர் மாத ரிப்பனே சான்று.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி இருந்தார். அவருடைய குடும்பத்துப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து, பீச் பழ நிறத்தில் ரிப்பன்களைக் கையாலேயே செய்தார். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டையை இணைத்தார். புற்றுநோய்க்காக அரசாங்கம் ஒதுக்கும் பணத்தில் தடுப்புக்குப் போவது வெறும் 5 விழுக்காடுதான், அரசியல்வாதிகளைத் தட்டி எழுப்புங்கள் என்பது அட்டையின் சாரம். அந்த ரிப்பனைப் பயன்படுத்த ஒரு பெண்கள் பத்திரிகையும் ஓர் அழகுப்பொருள் நிறுவனமும் 1992இல் அவரை அணுகின. வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றினார்கள். இளஞ்சிவப்பு ரிப்பன் உலகம் முழுவதும் பரவியது.

அந்த ரிப்பனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு நோயை அது நடு வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஹேலியின் ரிப்பனோடு ஓர் அட்டை இருந்தது. இதைச் செய்யுங்கள் என்று கேட்டது அந்த அட்டை. இன்று அக்டோபரில் பேரங்காடிக்குப் போனால் தண்ணீர்ப் போத்தல் முதல் கைப்பை வரை இளஞ்சிவப்பாக இருக்கிறது. அட்டையைத்தான் காணோம்.

நம் அலுவலகங்களிலும் இதுதான் நடக்கிறது. எல்லாரும் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படத்தில் இருக்கும் 45 வயதுச் சக ஊழியர் ஒருமுறையாவது மேமோகிராம் எடுத்திருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு மூன்றாவது, நான்காவது கட்டத்தில்தான் தெரியவந்தன. சீக்கிரம் பார்த்திருந்தால் என்று மருத்துவமனை வராந்தாவில் நின்று வருந்தும் குடும்பங்களின் கணக்கு அது.

ஆகவே, ஒவ்வொரு தினத்தோடும் ஓர் அட்டையைச் சேர்த்துவிடுவோம். ஒரு தினத்துக்கு ஒரு வேலை; அவ்வளவுதான்.

நம் வீட்டு நாள்காட்டி

பெரும்பாலான தமிழர் வீடுகளில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு நாள்காட்டி தொங்கும். நல்ல நேரம், ராகு காலம், அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதில் இருக்கும். விரதங்களை மறக்காமல் இருப்பது அதனால்தான். உடல்நலத்தையும் அதே தாளில் எழுதிவிடலாம். நம் பண்டிகைகளோடு ஒட்டி வரும் தினங்களை எடுத்துக்கொண்டால் நினைவில் வைப்பது இன்னும் சுலபம்.

தைப்பூசமும் புற்றுநோய் தினமும் (பிப்ரவரி 4): இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். இது வீட்டுப் பெண்களுக்கான மாதமாக இருக்கட்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே பலர் போவதில்லை. பல அரசாங்க கிளினிக்குகளில் இப்போது எச்பிவி பரிசோதனைக்குப் பெண்கள் தாங்களே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். வேறு யாரும் தொட வேண்டியதில்லை. 40 வயதைக் கடந்தவர்கள் மேமோகிராம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். 50 வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாம்.

மார்ச் 24, காசநோய்: இது பழைய காலத்து நோய் என்ற நினைப்பு தவறு. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலேசியாவில் ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்ட காசநோய்ச் சம்பவங்கள் பதிவாயின. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் இருமல் மருந்தோடு நின்றுவிடாதீர்கள். குறைந்தது ஆறு மாத சிகிச்சை தேவைப்படும். முடித்தால் குணமாகும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம்.

சித்திரைப் புத்தாண்டும் உலகச் சுகாதார தினமும் (ஏப்ரல் 7): 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் தோன்றிய நாள் ஏப்ரல் 7. ஒரு வாரத்தில் நமக்குப் புத்தாண்டு. புது ஆண்டின் பஞ்சாங்கம் கேட்கும் வாரத்திலேயே உடம்பின் பஞ்சாங்கத்தையும் பார்த்துவிடலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு என்ற நான்கும் போதும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு வரம்பு. மருத்துவர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். இடுப்பு அளவுக்கு வீட்டிலுள்ள தையல் டேப் போதும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடு. "நான் ஒல்லிதானே" என்று சொல்பவர்களும் அளந்து பாருங்கள். நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள்.

மே 17, இரத்த அழுத்தம்: வீட்டில் கருவி இருந்தால் அன்று எல்லாருக்கும் பாருங்கள். பார்ப்பதற்கும் முறை உண்டு. அரை மணி நேரத்துக்கு முன் காப்பி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். இரண்டு முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 140க்கு 90 என்பதைத் தொட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும். மே 31 புகையிலை ஒழிப்பு தினம். விட நினைப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் ஆலோசனையும் மருந்தும் உண்டு. தனியாகப் போராட வேண்டியதில்லை.

ஜூலை 28, கல்லீரல் அழற்சி: இளம் பெற்றோர் கவனிக்க வேண்டிய தினம் இது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போடும் திட்டம் 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் இப்போது முப்பதுகளின் பிற்பகுதியிலோ அதற்கு மேலோ இருக்கிறார்கள். அவர்களில் பலர் தடுப்பூசியும் போடவில்லை, பரிசோதனையும் செய்ததில்லை. இந்தக் கிருமி அறிகுறி காட்டாமல் பல ஆண்டுகள் கல்லீரலில் தங்கும். ஒரு முறை இரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 29, இதயம்: பத்துமலையில் 272 படிகள். போன தைப்பூசத்துக்கு நின்று நின்று ஏறியவர்கள், நெஞ்சில் அழுத்தம் உணர்ந்தவர்கள், "வயசாகிடுச்சு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு முடிந்த ஒன்று இப்போது முடியவில்லை என்றால் அது மருத்துவருக்குத் தேவையான தகவல்.

அக்டோபர் 10, மனநலம்: இதற்கு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் சில வாரங்களாகச் சரியாகத் தூங்காதவர், சாப்பாட்டில் நாட்டமில்லாதவர், யாரிடமும் பேசாமல் அறைக்குள் இருப்பவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். தற்கொலைக்கு முயல்வது 2023 முதல் இந்த நாட்டில் குற்றமல்ல. ஆகவே உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயம் வேண்டாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929.

நவம்பர் 14, நீரிழிவு: தீபாவளியை ஒட்டி வரும் தினம். 2020இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதிரசமும் நெய் உருண்டையும் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, சொல்லவும் வேண்டாம். பண்டிகை ஒரு நாள்தான். நம் சர்க்கரைக் கணக்கைக் கூட்டுவது மீதி 364 நாள்கள். மாமாக் கடையில் காலையில் ஒரு தே தாரிக், மாலையில் ஒன்று, இரவு காற்பந்து பார்க்கும்போது ஒன்று. ஒவ்வொன்றிலும் கெட்டிப் பால். அதில் ஒன்றைத் 'தே ஓ கோசோங்' ஆக்கினாலே வாரத்துக்கு ஏழு கோப்பை இனிப்பு குறையும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகள் முடிந்த வாரத்தில் இரத்தம் பார்க்க ஒரு தேதி குறித்துவிடுங்கள். நவம்பர் ஆண்கள் நல மாதமும்கூட. 2003இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சில நண்பர்கள் விளையாட்டாக மீசை வளர்க்கத் தொடங்கியதிலிருந்து வந்த வழக்கம் அது. நம் ஆண்களுக்கு மீசை புதிதல்ல. பரிசோதனைதான் புதிது.

காசு, நேரம், பயம்

போகாததற்கு நாம் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது காசு. அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு ரிங்கிட். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. எஸ்டிஆர் ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணைவரும், 40 வயதை எட்டியிருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். புற்றுநோய் கண்டறியப்பட்டால், சிகிச்சையை முடிப்பதற்கு ஊக்கத்தொகையும் போக்குவரத்துச் செலவுக்கு உதவியும் அத்திட்டத்தில் உண்டு. நம் சமூகத்தில் இதற்குத் தகுதி இருந்தும் இதுவரை பயன்படுத்தாத அம்மா அப்பா எத்தனை பேர்! வேலை செய்பவர்களுக்காக சொக்சோவும் 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு 2013 முதல் இலவசப் பரிசோதனைத் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. உங்கள் பெயருக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று வேலையிடத்தில் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்.

இரண்டாவது நேரம். அரசாங்க கிளினிக்கில் காலை முழுவதும் காத்திருக்க வேண்டும் என்ற குறை நியாயமானது. மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்ய முடியும். பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக அதைச் செய்து கொடுக்கலாம். அவர்களுக்குக் கைப்பேசியில் நாம் செய்து தரும் வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது இருக்காது.

மூன்றாவது பயம். உண்மையில் முதல் காரணமே இதுதான். மற்ற இரண்டும் இதை மறைக்கும் திரை. "போய்ப் பார்த்தா ஏதாவது இருக்குன்னு சொல்லிடுவாங்க" என்று சொல்லும் அப்பாவிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை. அவரை அனுப்பாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

"அப்பா, சனிக்கிழமை நான் இரத்தம் பார்க்கப் போறேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீங்களும் வாங்களேன்."

"எனக்கு எதுக்குப்பா?"

"எனக்குத் துணைக்கு. அப்படியே நீங்களும் கையை நீட்டிடுங்க. முடிஞ்சதும் வெளிய பசியாறிட்டு வருவோம்."

நம் பெற்றோர் தங்களுக்காகப் போகாத இடத்துக்குப் பிள்ளைக்காகப் போவார்கள். 30 வயதுக்காரர்களுக்கும் இது தேவையான பயணம்தான். அப்பாவுக்கு நீரிழிவு என்றால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். ஒரே காலையில் இரண்டு தலைமுறைக்கும் கணக்குத் தெரிந்துவிடும்.

முகாம் முடிந்த பிறகு

ஆலயங்களும் இயக்கங்களும் இளைஞர் மன்றங்களும் ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாம்கள் நல்ல முயற்சி. அவற்றில் ஒரு குறை மட்டும் இருக்கிறது. அளவு அதிகம் என்று எழுதிக் கொடுத்த துண்டுத் தாள், பிரசாதப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய் அங்கேயே காணாமல் போகிறது. கிளினிக்குக்குப் போனாரா என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமில் மேடைப் பேச்சைப் பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு அதிகமாக இருப்பவர்களிடம் அவர்கள் சம்மதத்தோடு தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மன்றத்து இளைஞர்கள் இருவர் அவர்களை அழைத்து, "ஐயா, கிளினிக்குக்குப் போனீங்களா? போக வர வண்டி வேணுமா?" என்று கேட்கட்டும். பாதிப் பேர் அந்த அழைப்புக்காகவே போவார்கள். அலுவலகத்தில் விழிப்புணர்வு மாதம் கொண்டாடும் இளையர்களும் இதைச் செய்யலாம். ரிப்பன் குத்திப் படம் எடுக்கும் நாளிலேயே, பரிசோதனைக்கு அரை நாள் விடுப்பு தர முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

நாளை காலை செய்ய வேண்டியது

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். பெயர், கடைசியாகப் பார்த்த தேதி, வந்த அளவு, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. பாட்டி முதல் பேரன் வரை வீட்டிலுள்ள எல்லார் பெயரையும் எழுதுங்கள். எழுதிக்கொண்டு வரும்போது இரண்டாவது கட்டத்தில் 'தெரியாது' என்று எத்தனை பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்கு விழிப்புணர்வு தேவைப்படும் இடம் அதுதான்.

அந்தத் தாளை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 'தெரியாது' என்று இருக்கும் முதல் பெயருக்கு இந்த வாரமே ஒரு தேதி வாங்குங்கள். அது பெரும்பாலும் வீட்டில் எல்லாரையும் கவனித்துக்கொண்டு தன்னை மட்டும் கவனிக்காத அம்மாவின் பெயராகத்தான் இருக்கும்.